தோல் அரிப்புக்கு எந்தப் பச்சிலை: சேலத்துக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு வேறொன்று

சேலத்தின் குகை என்ற பகுதியில் 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த என் அம்மா, தம்பிக்கு ஏற்காட்டில் வேலை அமைந்த பிறகு, ஆண்டின் பாதி நாட்களை மலைமேல் கழிக்கிறார். அங்கே கழித்த முதல் மார்கழியிலேயே அவருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு, கோடை வயலைப் போல மெல்லிய வெடிப்புகள் விட்டு, இரவில் உறங்க முடியாத அளவுக்கு அரிக்கத் தொடங்கியது. அரிப்பு என்றால் குப்பைமேனி என்பது அவர் எங்கள் அம்மாயியிடம் கற்ற கைமருத்துவம். ஆகவே தொலைபேசியில் அழைத்து, வரும்போது ஒரு பை குப்பைமேனி பறித்துவரச் சொன்னார். நானும் பறித்துச் சென்று, கல் உப்பு சேர்த்து அம்மியில் வெண்ணெய் போல அரைத்து, இரண்டு கால்களிலும் கனமாகப் பூசிவிட்டேன். ஐந்தாவது நிமிடத்தில் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். பத்தாவது நிமிடத்தில் "போதும் கண்ணு, கழுவிவிடு" என்றார். கழுவிப் பார்த்தபோது வெடிப்புகளின் ஓரம் சிவந்து, சில இடங்களில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அடுத்த மூன்று நாட்கள் புடவை உரசினாலே அவருக்குக் கால் எரிந்தது.

சிறுவயதில் எனக்கு முழங்கையிலும் விரலிடுக்கிலும் வந்த சொறியை ஆற்றியது இதே இலைதான். அரைத்த முறையும் இதேதான். இலையில் பழுதில்லை. சேலத்தில் வியர்வையில் ஊறிய சிறுமியின் தோலுக்குப் பொருந்திய மருந்து, ஏற்காட்டுப் பனியில் காய்ந்த முதியவரின் தோலுக்குப் பொருந்தவில்லை என்பதே நடந்தது. அந்த நிகழ்வுக்குப் பிறகு, எங்கள் இரண்டு வீடுகளிலும் தோல் உபாதைகளுக்குக் கைவசம் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று ஒவ்வொரு பச்சிலையாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். இடையில் இருப்பது 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு மணி நேரப் பயணமும்தான். ஆனால் தோலுக்கு இவை இரண்டு வேறு நாடுகள். சித்திரை வைகாசியில் செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் நடப்பவரின் கழுத்திலும் அக்குளிலும் வியர்வை உலர்வதே இல்லை. வேர்க்குருவும், படர்தாமரையும், தேமலும் அங்கே பருவம் தவறாமல் வருகின்றன. மலைமேல் மார்கழி, தை மாதங்களில் குளிர்காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சிவிட, குளிருக்காக நாம் ஊற்றிக்கொள்ளும் சுடுநீரும் சோப்பும் மீதமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடுகின்றன.

ஆகவே எந்தச் செடி என்று கேட்பதற்கு முன், அரிக்கும் இடம் ஈரமாக இருக்கிறதா, உலர்ந்து வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரைத்துப் பூசும் எந்த விழுதும் காயும்போது தோலிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் காய்கிறது. நீர் வடியும் சிரங்குக்கும், வியர்வை தேங்கும் தொடை இடுக்குக்கும் இது நன்மை. வெடித்த தோலுக்குக் கேடு. எண்ணெயில் இறக்கிய தைலம் இதற்கு நேர்மாறாக, இருக்கும் ஈரத்தை வெளியேறவிடாமல் மூடிவைக்கிறது. வெடிப்புக்கு அது இதம். வியர்க்கும் இடுக்கில் பூசினால் புழுக்கத்தைக் கூட்டும். மூலிகைப் பட்டியல்களில் பெரும்பாலும் செடியின் பெயரைச் சொல்கிறார்களே தவிர, அதை விழுதாக வைப்பதா, தைலமாக வைப்பதா, வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுவதா என்பதைச் சொல்வதில்லை. என் அனுபவத்தில் குணமும் கேடும் பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான் முடிவாகின்றன.

முதலில் குப்பைமேனியையே எடுத்துக்கொள்வோம். இதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு. வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் தேடிவந்து அதன்மேல் புரளும். மழை பெய்த பத்தாம் நாள் சேலத்தில் எந்தச் சுற்றுச்சுவர் ஓரத்திலும் இது முளைத்துவிடும் என்பதால், இதைத் தொட்டியில் வளர்க்க வேண்டிய தேவையே இல்லை. இலையை உப்புடன் அரைத்து, சொறியும் சிரங்கும் உள்ள இடத்தில் பூசி, சற்று நேரம் கழித்துக் குளிப்பது வழக்கம். கொசுக்கடியைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட பிள்ளைகளின் கால்களில், நீர் கோத்த சின்னச் சின்னப் பொருக்குகளை இது உலர்த்திக் கொடுப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உப்பைக் குறைத்து, தேவைப்பட்டால் சிறிது மஞ்சள் மட்டும் சேர்த்து அரைப்பதே நல்லது. தோல் கிழிந்த இடத்திலும், முகத்திலும், குழந்தைகளின் மென்மையான இடுக்குகளிலும் இது வேண்டாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே ஒருவகை நொதிக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனியைச் சமைத்து உண்டு, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மருத்துவமனையில் சேர்ந்த நேர்வுகள் இலங்கையில் பதிவாகியுள்ளன. வெளியே பூசுவதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

குப்பைமேனிக்குப் போட்டியாக நிற்பது வேப்பிலையும் மஞ்சளும் சேர்ந்த விழுது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலையால் வருடிக் கொடுத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்போது மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக் குளிப்பாட்டும் வழக்கத்தை அறியாத குடும்பம் நம் ஊரில் இல்லை. சிரங்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலைத் துளைத்து முட்டையிடுவதால் வரும் தொற்று, இந்த விழுதுக்குக் கட்டுப்படுகிறது என்பதற்கு வெறும் வாய்ச்சொல்லைவிடக் கூடுதலான ஆதாரம் இருக்கிறது. 1992இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில் 814 பேருக்கு வேப்பிலை மஞ்சள் விழுதைப் பூசியபோது, 97 விழுக்காட்டினருக்கு 3 முதல் 15 நாட்களுக்குள் குணமானது. பக்கத்தில் வைத்து ஒப்பிட வேறு மருந்து கொடுத்த குழு இல்லாத ஆய்வு என்பதால், அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் குப்பைமேனிக்குப் பின்னால் இந்த அளவுக்கு எண்ணிக்கை கூடிய சான்று இல்லை. சிரங்கு என்று உறுதியாகத் தெரிந்தால் நான் வேம்பின் பக்கமே நிற்பேன்.

சிரங்கு என்பதை எப்படி அறிவது? இரவில் அரிப்பு கூடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய பகுதி, அக்குள் ஆகிய இடங்களைத் தேடிப் பிடிக்கும். வீட்டில் ஒருவருக்குப் பிறகு ஒருவராகச் சொறியத் தொடங்குவார்கள். விடுதியில் தங்கிப் படித்த என் நாத்தனார் மகன் கோடை விடுமுறைக்கு வந்தபோது விரலிடுக்குகளில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தன. வேர்க்குரு என்று நினைத்து அவனுக்கு மட்டும் வேப்பிலை அரைத்துப் பூசிவந்தோம். ஒரு மாதத்தில் வீட்டில் இருந்த ஐந்து பேருக்கும் அரித்தது. முதல் முறை சிரங்கு தொற்றியவருக்கு அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதையும், அறிகுறி இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து போட்டு, துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்துக் கடும் வெயிலில் காயவைக்க வேண்டும் என்பதையும் நாங்கள் பிறகுதான் அறிந்தோம்.

அந்த முறை நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது, மருத்துவர் எழுதிக் கொடுத்த 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் ஓர் இரவு பூசிக் காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பூசினோம். ஐந்து பேருக்கு நாள்தோறும் படிக்கணக்கில் வேப்பிலை அரைத்து, இரண்டு வாரம் தலைமுதல் கால்வரை பூசுவது சொல்வதற்கு எளிது. அம்மியின் முன் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் பாரம் தெரியும். பூசுவதில் ஒருவர் சோர்ந்துவிட்டாலும் பூச்சி திரும்ப வரும். களிம்பு கிடைக்கும் இடத்தில் சிரங்குக்குக் களிம்பு, கிடைக்காத இடத்தில் வேப்பிலை மஞ்சள் என்பதே என் தீர்ப்பு. மருந்து போட்ட பிறகும் இரண்டு, மூன்று வாரங்களுக்கு அரிப்பு மெல்ல மெல்லத்தான் தணியும். அப்போது தோலை ஆற்றுவதற்கு வேப்பிலை ஊறிய நீரில் குளிப்பது மிகவும் உதவியது. காலையில் ஓர் அண்டா நீரில் இரண்டு கைப்பிடி வேப்பிலையைப் போட்டு மொட்டைமாடியில் வைத்தால், சேலம் வெயில் நண்பகலுக்குள் அதைக் காய்ச்சியே கொடுத்துவிடும்.

இலையைப் பற்றிச் சொன்னதை எண்ணெய்க்கும் நீட்டிவிடக் கூடாது. வேப்பெண்ணெயைச் சிறு குழந்தைகளுக்கு உள்ளே கொடுத்ததால் வலிப்பும் மூளைப் பாதிப்பும் நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வெளியே பூசுவதாக இருந்தாலும் குழந்தையின் விரல் வாய்க்குப் போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மஞ்சளில் வேறொரு சிக்கல் இருக்கிறது: கடையில் தூளாக வாங்கும் மஞ்சளில் மெட்டானில் மஞ்சள் போன்ற சாயக் கலப்படம் நடப்பதால், அரிக்கும் தோலில் அதைப் பூசுவது வினையை விலைக்கு வாங்குவதாகும். ஈரோடும் சேலமும் மஞ்சள் விளையும் மண். கிழங்கை வாங்கிக் கல்லில் இழைத்துக்கொள்ள நமக்கு என்ன தடை? கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் அடர்ந்த மஞ்சள் நிறத்தில் தூள் கொடுத்தால் வாங்க வேண்டாம். உண்மையான கஸ்தூரி மஞ்சள் வெளிறிய நிறமும் கற்பூரம் கலந்தது போன்ற மணமும் கொண்டது.

வேர்க்குருவுக்கு இந்த இரண்டு விழுதுகளும் ஏற்றவை அல்ல. வியர்வை வெளியேறும் துளைகள் அடைபடுவதால் வருவது வேர்க்குரு; அதன்மேல் கனமாக எதை அப்பினாலும் அடைப்பு கூடத்தான் செய்யும். தேங்காய் எண்ணெயும் இங்கே எதிரி. நம் ஊரில் இதற்குக் கோடையே ஒரு மருந்தைக் கொடுத்து அனுப்புகிறது. சித்திரையில் சாலையோரம் பனை ஓலை நிழலில் குவித்து வைத்து விற்கும் நுங்கைச் சீவும்போது, கண்ணுக்குள்ளிருந்து தெறிக்கும் நீரையும், உரித்தெடுத்த மேல்தோலின் உட்பக்கத்தையும் முதுகில் தேய்த்துவிடுவார்கள். தேய்த்த இடம் சில நொடிகள் குளிர்ந்து, பிறகு மெல்லிய படலமாகக் காய்ந்து இழுக்கும். அரை மணி நேரத்தில் குளிர்ந்த நீரில் கழுவினால் கடுகடுப்பு அடங்கியிருக்கும். குளிர்ச்சி தருவதற்கு மேல் இது எதையும் செய்வதில்லை. வேர்க்குருவுக்கு வேண்டியதும் அதுதான்.

நுங்கு இல்லாத மாதங்களில் அந்த வேலையைச் செய்வது சோற்றுக் கற்றாழை. மடலை வெட்டியவுடன் அப்படியே பூசுவதுதான் பலர் செய்யும் பிழை. தோலுக்கும் சோற்றுக்கும் நடுவில் கசப்பான மஞ்சள் பால் இருக்கிறது. அதுவே அரிப்பை உண்டாக்கக் கூடியது. வெட்டிய மடலைப் பத்து, பதினைந்து நிமிடம் செங்குத்தாக நிறுத்தி அந்தப் பால் முழுவதும் வடிந்த பிறகு, தோலைச் சீவி, உள்ளிருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை நான்கைந்து முறை நீரில் அலசி எடுக்க வேண்டும். அதில் ஏறத்தாழ 99 விழுக்காடு நீர்தான். வெயில் கருக்கிய கழுத்துக்கும், அடுப்பில் லேசாகச் சுட்டுக்கொண்ட விரலுக்கும் அது தரும் ஆறுதல் உண்மையானது. ஒரு தொட்டி மட்டுமே வைக்க இடமுள்ள சேலத்து வீட்டில் எதை வைப்பது என்று கேட்டால், தயங்காமல் கற்றாழை என்பேன். மலைமேல் அதன் பயன் குறைவு. பூசிக் காய்ந்ததும் வறண்ட தோல் முன்னிலும் இறுக்கமாகப் பிடிப்பதாக அம்மா சொன்னார். ஏற்காட்டில் இடைவிடாத சாரலில் அந்தத் தொட்டி அழுகியும் போயிற்று.

பூஞ்சையால் வரும் படர்தாமரையும் தேமலும் தனியாகப் பேச வேண்டியவை. இவற்றுக்கு நாட்டு மருத்துவத்தில் முதலிடம் சீமை அகத்திக்கு. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தது போல மஞ்சள் பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்கும். இலையில் கிரைசோஃபனால், ரெய்ன் போன்ற பொருள்கள் உள்ளன. பூஞ்சையைத் தடுக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. 1994இல் வெளியான ஓர் ஆய்வு, 200 பேரிடம் 10 ஆண்டுக் காலம் இதன் இலைச் சாற்றைப் பயன்படுத்தி, தேமலுக்கு நம்பத் தகுந்த மருந்து என்று முடிவு சொன்னது. நாகமல்லி இலையையும், பூவரசங்காயைக் கீறினால் வரும் மஞ்சள் பாலையும் படர்தாமரைக்குத் தடவும் வழக்கம் உண்டு. பூவரசு சேலத்து ஏரிக்கரைகளிலும் தெருக்களிலும் தாராளமாக நிற்கும் மரம். கைக்கு எட்டும் மருந்து என்ற வகையில் அது முந்துகிறது, பூஞ்சையைத் தடுக்கும் ஆற்றலில் சீமை அகத்தி முந்துகிறது. முதுகிலும் மார்பிலும் வெளிறித் தோன்றும் தேமலுக்குச் சீமை அகத்தியை நம்பி ஒரு மாதம் பொறுக்கலாம்.

படர்தாமரைக்கு அந்தப் பொறுமையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடந்த சில ஆண்டுகளில் நம் நாட்டில் படர்தாமரையின் தன்மையே மாறிவிட்டது. வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மருந்துக்கே கட்டுப்படாத பூஞ்சை பரவியிருக்கிறது. அதற்கு டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று நம் நாட்டை ஒட்டியே பெயரும் வைத்துவிட்டார்கள். இந்த நிலைக்குப் பெரிதும் துணைபோனது, சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசும் கலவைக் களிம்புகள். ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் பாக்டீரியாக்கொல்லியும் ஒரே குழாயில் அடைத்த அந்தக் களிம்பு, பூசிய இரண்டாம் நாளே அரிப்பை நிறுத்திவிடும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் வட்டம் இரண்டு மடங்காகத் திரும்பும். தொடர்ந்து பூசினால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரி விழும். பச்சிலையா, அந்தக் களிம்பா என்று மட்டும் கேட்டால், எந்தப் பச்சிலையும் அதைவிட மேல், ஏனெனில் பச்சிலை நோயை மறைப்பதில்லை. ஆனால் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டம், ஒன்றுக்கு மேற்பட்ட வட்டங்கள், நகத்திலோ தலையிலோ தொற்று என்றால் இரண்டையும் விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். வாரக்கணக்கில் விடாமல் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். துணியை வெயிலில் உலர்த்துவதும், குளித்தபின் இடுக்குகளை ஈரமின்றித் துடைப்பதும் எந்த மருந்தோடும் கட்டாயம் சேர வேண்டியவை.

எந்தப் பச்சிலையாலும் தீராத அரிப்பு ஒன்று இருக்கிறது. அரிப்பைத் தரும் பொருளை நாள்தோறும் தொட்டுக்கொண்டே இருப்பவர்களின் அரிப்பு. சாயப்பட்டறையில் கைவைப்பவர்கள், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் அமிலத்தோடும் பற்றவைப்புப் பொருள்களோடும் வேலை செய்பவர்கள், காலி மனைகளில் மண்டிய பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்குபவர்கள் ஆகியோருக்குக் கையுறையும் முழுக்கைச் சட்டையும்தான் முதல் மருந்து. 1950களின் நடுவில் புணேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம், தொடாதவருக்கும் காற்றில் கலந்த துகளால் இமை, கழுத்து, முழங்கை மடிப்புகளில் அரிப்பைக் கொண்டுவரும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெட்டுக்காயப் பூண்டும், கரிசலாங்கண்ணியும், செவ்வந்தியும் பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பார்த்தீனிய ஒவ்வாமை உள்ளவருக்கு இவையும் ஒவ்வாமல் போகக் கூடும் என்பதால், காயத்துக்கென்று இவற்றைக் கசக்கிப் பிழிவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

மாம்பழக் காலத்தில் காம்புப் பால் பட்டு உதட்டோரம் கருகுவதும் இப்படிப்பட்டதே. பழத்தைக் காம்பு நீக்கி நீரில் போட்டு வைத்து உண்டால் பெரும்பாலும் வராது. மலையேறினால் செந்தட்டியும் கம்பளிப்பூச்சியும் காத்திருக்கின்றன. கம்பளிப்பூச்சி ஏறிய இடத்தைத் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை வைத்து எடுத்து முடிகளை அகற்றிய பிறகே நீரில் கழுவ வேண்டும். முடி உள்ளே இருக்கும்போது எந்த இலையை வைத்துத் தேய்த்தாலும் அது இன்னும் ஆழமாகத்தான் இறங்கும்.

வறண்ட தோலுக்கு வருகிறேன். அம்மாவின் கால்களுக்கு வேண்டியிருந்தது இதுதான். இங்கே போட்டி மூன்று பாட்டில்களுக்கு இடையே: அருகன் தைலம், வெட்பாலைத் தைலம், எதுவும் சேர்க்காத தேங்காய் எண்ணெய். மூன்றாவதை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. வறட்சியோடு கூடிய கரப்பான் என்னும் தோல் அழற்சி உள்ள 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், தேங்காய்ப்பாலிலிருந்து எடுத்த எண்ணெய், கனிம எண்ணெயைவிடத் தெளிவாக மேம்பட்ட பலனைத் தந்தது. ஆகவே எந்த மூலிகைத் தைலத்தைப் பூசிக் குணம் கண்டாலும், அதில் ஒரு பங்கு அடியில் இருக்கும் எண்ணெய்க்குச் சேர வேண்டியது. எளிய வறட்சிக்கு, குளித்தவுடன் தோலில் ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் பூசுவது போதும். குளிக்கும் முன் எண்ணெய் தேய்த்துச் சீயக்காயால் அதைக் கழுவிவிடும் வழக்கத்தை, கால்களுக்கு மட்டுமாவது தலைகீழாக்க வேண்டும்.

அருகம்புல் சாற்றைச் சேர்த்துக் காய்ச்சும் அருகன் தைலத்தை அரிப்பும் கரப்பானும் உள்ளவர்களுக்குச் சித்த மருத்துவர்கள் கொடுப்பார்கள். அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் காட்டிக் கேட்கலாம். வீட்டில் செய்வதற்கு அது சற்றுக் கடினம். சாற்றின் நீர் முழுவதும் வற்றும் பதம் தெரியாமல் இறக்கினால் எண்ணெய் சிக்கு வாடை பிடித்துக் கெடும். வெட்பாலைத் தைலத்துக்கு அடுப்பே தேவையில்லை. வெள்ளி போன்ற செதில்கள் உதிரும் காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) இதைச் சித்த மருத்துவம் முதன்மையாகப் பயன்படுத்துகிறது. வெட்பாலை இலையில் இண்டிருபின் என்ற நிறப்பொருள் உண்டு. அவுரியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்திலும் உள்ள இந்தப் பொருள், காளாஞ்சகப்படைக்கு மருந்தாகவும் ஆராயப்பட்டிருக்கிறது. அந்த நோய் உள்ளவர்கள் தைலத்தை மட்டும் நம்பி மருத்துவரைத் தவிர்க்கக் கூடாது. மூட்டுகளையும் பற்றும் நோய் அது.

இந்த ஒப்பீட்டில் நான் உறுதியாக விலக்கியவை இரண்டு. நாட்டு மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் சேராங்கொட்டையின் பால், சலவைக்காரர்கள் துணியில் அழியாத குறியிடப் பயன்பட்டது. தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாகும். அதன் நச்சை நீக்கிச் சுத்தி செய்யத் தெரிந்த சித்த மருத்துவர் கையில் மட்டுமே அது மருந்து. வெண்புள்ளிக்கென்று தாமாக வாங்கிப் பூசும் கார்போகரிசியில் சோராலென் இருக்கிறது. பூசிக்கொண்டு சேலம் வெயிலில் நடந்தால் தோல் வெந்து கொப்புளிக்கும். தேர்ந்தெடுத்தவற்றையும் முதலில் முழங்கையின் உட்பக்கம் சிறிதளவு பூசி, ஒரு நாள் முழுவதும் பார்த்த பிறகே மற்ற இடத்தில் பூச வேண்டும். காய்ச்சல், சீழ், வேகமாகப் பரவும் சிவப்பு, ஒரு பக்கமாக வரிசை கட்டி வலியோடு எழும் அக்கிக் கொப்புளம், சர்க்கரை நோயாளியின் காலில் புண் ஆகியவற்றுக்கு அம்மியைத் தேடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறலோ உதடு, முக வீக்கமோ சேர்ந்து வரும் தடிப்புக்கு ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

அம்மாவின் கால்களுக்குச் சித்த மருத்துவர் சொன்னது வெட்பாலைத் தைலம்தான். மலையடிவாரக் காடுகளில் இயல்பாக நிற்கும் மரம் இது. நுனியில் ஒட்டிக்கொண்டு இரட்டை இரட்டையாகத் தொங்கும் காய்களைக் கண்டால் அடையாளம் தெரியும். எங்களுக்கு இலை கொடுத்தவர், அடிவாரத்தில் தம் தோட்டத்து வேலியில் மரம் வைத்திருக்கும் தெரிந்த குடும்பத்துப் பெரியவர். இலையைக் கிள்ளும்போது வெண்பால் கசியும். இரும்புக் கத்தி படாமல் கையாலேயே கிள்ளி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு போட்டு, இலை மூழ்கத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, வாயில் மெல்லிய துணி கட்டி வெயிலில் வைக்க வேண்டும். முதல் நாள் மாலையிலேயே இலையின் விளிம்பைச் சுற்றிச் செந்நிறம் இறங்கும். மூன்றாம் நாள் நாவற்பழச் சாறு போலாகும். ஏழாம் நாள் பாட்டிலைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தாலும் ஒளி ஊடுருவாத ஊதாவாகிவிடும். வடிகட்டி வைத்தால் போதும். புடவையில் பட்டால் கறை போகாது என்பதால், இரவில் பழைய வேட்டித் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு படுப்பது அம்மாவின் வழக்கம்.

இதை ஏற்காட்டில் செய்ய முடியவில்லை. தம்பி ஒருமுறை மாடியில் வைத்துப் பார்த்தான்; ஐந்து நாட்கள் மூடுபனி விலகாமல், எண்ணெய் உறைந்து, இலை மேலே பூஞ்சை பூத்தது. ஆகவே இலை மலையடிவாரத்திலிருந்து கீழே வருகிறது. சேலத்தில் என் மொட்டைமாடியில் பங்குனி வெயிலில் ஏழு நாள் காய்கிறது. மார்கழிக்கு முன் இருபது வளைவுகளையும் ஏறி மலைமேல் போகிறது. இந்த ஆண்டுக்கான இரண்டு பாட்டில்களை முந்தாநாள் வடிகட்டினேன். ஒன்று அம்மாவுக்கு, குளிரில் கைவிரல்கள் வெடிக்கின்றன என்று சொன்ன, காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் அவருடைய பக்கத்து வீட்டு அக்காவுக்கு மற்றொன்று.